ஒருத்தியின் வம்சம்

ஜனவரி 3

இது விற்பனைக்கு ஆகாத டைரி. பைண்டிங்கில் அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். கழிவில் போகவிருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் அச்சக முதலாளி அண்ணாச்சி, நல்லதாக ஒன்று தருகிறேனே என்றார். வேண்டாம் என்றேன். நல்ல டைரியில் எழுத நல்ல விஷயம் வேண்டும்.

நான் மாரிக்கனி. சிவகாசியில் காலண்டரும் டைரியும் போடுகிற அச்சகத்தில் ப்ரூப் பார்க்கிறேன். சுவரில் தொங்கும் தினத்தாளில் ராகுகாலம் தப்பாக இருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும். ராசிபலனும் என் கண் வழியாகத்தான் போகிறது. லாபம், வரவு, சுகம், கவலை, பகை. பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே வார்த்தை வரக்கூடாது என்பது அண்ணாச்சியின் விதி. கிரகங்களின் விதி என்ன என்று என்னைக் கேட்கக் கூடாது.

எழுதத் தொடங்கியது டாக்டர் நஸ்ரின் சொன்னதால். என் சின்னவள் முகிலாவுக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது, என்றைக்கு ரத்தம் ஏற்றினோம் என்று குறித்து வையுங்கள் என்றார். குறிக்கிறேன். கூடவே மற்றதும் வந்தால் வரட்டும்.

ஜனவரி 9

மதுரை போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தோம். முகிலா பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடித்தாள். உடம்பில் புது ரத்தம் ஓடுகிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

முகிலாவுக்குப் பதினொரு வயது. வயதுக்குத் தகுந்த உயரம் இல்லை, இடது கட்டைவிரல் கொஞ்சம் சின்னது. மற்றபடி வாய்க்குக் குறைவில்லை. அவளுக்கு இருப்பது ஃபேன்கோனி அனீமியா. முதலில் கேட்டபோது ஏதோ பிஸ்கட் பெயர் மாதிரி இருந்தது. டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே இருக்கும் எழுத்தெல்லாம் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுத்தால் பிழை வரும். எல்லார் உடம்பிலும் அந்தப் பிழையைப் பார்த்துத் திருத்த ஓர் ஏற்பாடு உண்டு. என் மகளுக்கு அந்த ஏற்பாட்டிலேயே பிழை. ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையில் தாய்ச்செல்கள் உடைந்த எழுத்துகளைத் தூக்கிச் சுமந்து, முடியாமல் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகின்றன.

அம்மா ப்ரூப் பார்க்கிறவள், மகளுக்குள் ப்ரூப் பார்க்க ஆள் இல்லை. யாரிடம் போய் முறையிடுவது?

இன்றைய ரத்தம் யாருடையது என்று தெரியாது. பை மேல் எண் இருந்தது, பெயர் இல்லை. நீங்கள் யாராக இருந்தாலும் உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

முகிலாவின் அப்பா லாரி பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறார். மதுரை வழியாகப் போகிற டிரைவர்களை ரத்த வங்கியில் இறக்கி, கொடுக்கவைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறாராம். இதை அவர் சொல்லவில்லை. ஒரு டிரைவர் சொன்னார்.

ஜனவரி 26

விடுமுறை. துணி துவைத்தேன், பருப்புப்பொடி இடித்தேன். மூத்தவள் அகிலா பன்னிரண்டாம் வகுப்பு. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"ஏம்மா, நீ இப்பல்லாம் அப்பாவ மாமான்னே கூப்பிட மாட்டேங்குற?"

நேரமில்லை என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. என்னை யாரும் இழுத்துப் பிடித்துக் கட்டிவைக்கவில்லை, நான் கேட்டுத்தான் கட்டிக்கொண்டேன். பேச்சு வந்த நாளிலிருந்து மாமா, கழுத்தில் தாலி ஏறிய பிறகும் மாமா. முந்தின வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர் எங்கள் வம்சத்தைத் தாளில் படமாகப் போட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டாள். "மாமா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே எங்களுக்கு மட்டும் இரண்டாவது கோட்டையும் இழுத்தாள். இந்தப் பிழை அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் வந்தால்தான் நோயாம். ஒரு பக்கம் சரியாக இருந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே வீடு.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. கூப்பிட வேண்டியிருந்தால் "இந்தாங்க" என்கிறேன். அவரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்.

பிப்ரவரி 20

முகிலாவுக்கு மூக்கில் ரத்தம். ஐஸ் வைத்து நின்றது. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மிளகு ரசம் கொடுத்தனுப்பினார். ரசத்தை நான்தான் குடித்தேன். நன்றாக இருந்தது.

மார்ச் 15

அகிலாவின் மஜ்ஜை தங்கைக்கு முழுதாகப் பொருந்துகிறது. அகிலாவுக்கு நோயும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் டாக்டர் நஸ்ரின் சொன்னார். எனக்கு அழுகை வந்ததில் எது எதற்கென்று தெரியவில்லை.

முகிலாவை ஓர் அறையில் தனியாக வைத்து, மருந்து கொடுத்து அவளுடைய மஜ்ஜையை முழுக்க அழித்துவிட்டு, அக்காவுடையதை ஏற்ற வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மருந்தைத் தாங்குவது மற்றவர்களைவிடக் கஷ்டம். பிழை திருத்தத் தெரியாத செல்லில் மருந்து போய் மேலும் பிழை செய்யும். எல்லாப் பிள்ளைகளும் அந்த அறையிலிருந்து திரும்பி வருவதில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. செய்யாவிட்டால் என்ன என்று முகிலாவின் அப்பா கேட்டார். செய்யாவிட்டால் மஜ்ஜை வற்றிப்போகும், அல்லது ரத்தப் புற்றாக மாறும் என்றார். மறைக்காமல் பேசுகிற டாக்டர் கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அகிலா தங்கையிடம், இனிமேல் என் பேனாவைத் தொட்டால் மஜ்ஜை கிடையாது என்றாள்.

மே 30

மருந்தில் முடி கொட்டும் என்று முகிலாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு முடிதான் சொத்து, இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. இன்று எண்ணெய் வைத்துச் சடை போட உட்கார்ந்தவள், பூ வைக்காதே, பழகிக்கொள்கிறேன் என்றாள். நான் வைத்தேன்.

ஜூன் 11

ஆஸ்பத்திரியிலிருந்து போன். தனியறை ஒன்று காலியாகிறது. பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை சேர்க்க வேண்டும். மொத்தமே சில அறைகள்தான், வரிசையில் நிற்கிற பிள்ளைகள் நிறைய. எங்கள் முறை வந்துவிட்டது. பால் காய்ச்ச வைத்து மறந்து பொங்கவிட்டேன்.

ஜூன் 12

முகிலாவின் அப்பா தினத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்தொன்பதாம் தேதி கரிநாள் என்றார்.

எங்கள் அச்சகத்துக் காலண்டர். நானே ப்ரூப் பார்த்து, நானே கொண்டுவந்து, நானே ஆணி அடித்து மாட்டியது. என்னிடமே சொல்கிறார். பிள்ளையைக் கரிநாளில் அந்த அறைக்குள் அனுப்ப மாட்டேன், ஒரு நாள்தானே, இருபதாம் தேதி சேர்ப்போம் என்றார். இந்தக் காலண்டர் எப்படித் தயாராகிறது என்று தெரியுமா, ராசிபலனை எப்படி நிரப்புகிறோம் தெரியுமா என்று கத்தினேன். அதைக் கேட்டும் அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். பார்க்கிறோம் என்றார்களாம்.

ஜூன் 13

அறை போய்விட்டது.

ஜூன் 14

நேற்று மேற்கொண்டு எழுத முடியவில்லை. தேதி மாற்றிக் கேட்டவுடன் வரிசையில் அடுத்து நின்ற பிள்ளைக்கு அறையைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்தப் பிள்ளைக்கும் அம்மா இருப்பாள். எங்களுக்கு இனி ஆகஸ்ட் கடைசியில்தான்.

இரண்டரை மாதம். பிளேட்லெட் பதினாறாயிரத்தில் நிற்கிறது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஒரு கட்டத்துக்குள் நாலு எழுத்தாக அச்சடித்த ஒரு வார்த்தைக்காக இரண்டரை மாதம்! சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேசவில்லை. சாப்பிட்டாரா என்று பார்க்கவில்லை. கொஞ்சம்தான் சாப்பிட்டிருந்தார்.

ஜூன் 27

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் டைரிதானே.

அடுத்த வருடத் தினத்தாள் ப்ரூப் வந்திருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு, வியாபாரிகளுக்குக் காட்டுகிற புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட வேண்டும் என்பதால் இந்த மாதம் முழுக்க அதுதான் வேலை. ஆனி மாதத்துக்கு வந்தேன். கரிநாள்கள் வருடா வருடம் மாறாது, தமிழ்த் தேதிக்கு என்று முடிவானவை. ஆனியில் ஒன்றாம் தேதி, ஆறாம் தேதி. சரியாக இருந்தது. அப்போதுதான் மனதில் ஏதோ தட்டியது. வீட்டில் இருப்பது ஜூன் பத்தொன்பது, ஆனி ஐந்து.

அலமாரியிலிருந்து இந்த வருடத்துக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் தேதியில் இருக்க வேண்டிய கரிநாள் ஒரு தாள் முன்னால் போய் ஐந்தாம் தேதியில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ப்ரூப் கட்டையும் தேடி எடுத்தேன். என் கையெழுத்து, என் சரி குறி. அந்த வாரம்தான் முகிலாவுக்கு முதல் முறையாகப் பரிசோதனைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம்.

ஆக, பத்தொன்பதாம் தேதி நல்ல நாள். அவர் மாற்றிக் கேட்ட இருபதாம் தேதிதான் கரிநாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். அவர் முற்றத்தில் குந்தி இட்லிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அறை போனதிலிருந்து யாரும் சொல்லாமலே தேய்க்கிறார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வேகமாகத் தேய்த்தார்.

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 8

ரத்தம் ஏற்றப் போய், ஏற்றாமல் திரும்பினோம். ஹீமோகுளோபின் தேவையான அளவு இருக்கிறதாம். நர்ஸ் குழாய் மாறிப்போயிருக்கும் என்று இன்னொரு முறை எடுத்தார். அதே அளவு. ஒரு ஊசி அதிகம் குத்தியதற்கு முகிலா அவரிடம் மிட்டாய் வசூலித்துக்கொண்டாள்.

போன முறை ஏற்றியது நல்ல ரத்தமாக இருந்திருக்கும். கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இன்னும் சொல்லவில்லை. வேலை அதிகம்.

ஜூலை 29

பிளேட்லெட் நாற்பதாயிரம். ரத்தம் ஏற்றி இரண்டு மாதம் ஆகிறது.

தெருவே கொண்டாடுகிறது. ஜோதியம்மாள் தான் கொடுத்த பப்பாளி இலைச்சாறுதான் என்கிறார். அதை நான் ஒரு நாளும் முகிலாவுக்குக் கொடுக்கவில்லை, பச்சையாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், செடிக்குத்தான் ஊற்றினேன். அதைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன். அம்மா தன் நேர்த்திக்கடன் என்கிறாள். முகிலாவின் அப்பா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஏறுறது சந்தோஷம்தாம்மா. ஆனா எது ஏத்துதுன்னு நமக்குத் தெரியணும்" என்றார். மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கைத்தோலிலிருந்தும் ஒரு பொட்டு எடுத்து வளர்க்கப்போகிறார்களாம்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அச்சகத்தில் புது ஆல்பத்துக்குப் பூஜை. லட்டு, காராச்சேவு. வியாபாரிகள் வந்து சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளும் கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கின்றன. அண்ணாச்சி எனக்கு இரண்டு பொட்டலம் கொடுத்து, ஒன்று பாப்பாவுக்கு என்றார். மஜ்ஜை பரிசோதனை பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததற்கும் நன்றி.

ஆகஸ்ட் 9

இன்று டாக்டர் நஸ்ரின் எங்களுக்காக நெடுநேரம் உட்கார்ந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

முகிலாவின் மஜ்ஜையில் இப்போது ஊறும் ரத்தத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு தாய்ச்செல்லின் வம்சம். ஆயிரக்கணக்கான தாய்ச்செல்கள் பங்குபோட்டுச் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர்தான் ஒருத்தி என்றார். வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் படுத்துவிட்டால், எழுந்து நடக்க முடிந்த ஒருத்தி அடுப்படியை எடுத்துக்கொள்வாள் இல்லையா, அப்படி.

அது எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்ம எல்லார் உடம்புலயும் இது நடந்துக்கிட்டேதான் இருக்கு. செல்லு பிரியும்போது எழுத்து மாறும். முக்காவாசி நேரம் ஒண்ணும் ஆகாது. சிலது செத்துப்போகும். எப்பவாவது ஒண்ணு பக்கத்துல இருக்கறதவிட நல்லாப் பிழைச்சுக்கும், அதோட வம்சம் பெருகி எடத்தப் பிடிச்சுக்கும். உங்க தோல்ல, என் தோல்ல, உணவுக்குழாய்ல, வயசாக ஆக இப்படித் திட்டுத் திட்டா இருக்கும். நமக்குத் தெரியாது."

அப்படியானால் இது நல்லதுதானே என்று முகிலாவின் அப்பா கேட்டார். இரண்டு மாதத்தில் அவர் என் முன்னால் பேசிய நீளமான வாக்கியம் அது.

"பிழைக்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும் சார். நமக்கு நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது. ரத்தப் புற்றும் இப்படி ஒரு செல்லுலதான் ஆரம்பிக்குது. இது எந்த மாதிரி ஆளுன்னு பாத்துதான் சொல்லணும்."

எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில வாரம் ஆகும்.

ஒரு கரண்டி மோர் ஊற்றி வைத்தால் காலையில் பாத்திரம் முழுக்கத் தயிர். எந்த மோர் விழுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் முகிலா தூங்கினாள். அவள் தலை அவர் தோளில், கால் என் மடியில்.

ஆகஸ்ட் 10

முகிலாவுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று, ஒட்டுக்கேட்கிற பிள்ளை. அந்த ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். எலும்புக்குள்ளே எங்கேயோ என்றேன். முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவளா இருந்தா இருக்கட்டும்மா, இல்லன்னா அக்கா மஜ்ஜைய விட்டு அடிச்சு வெரட்டிரலாம்" என்றாள்.

ஆகஸ்ட் 24

ஆஸ்பத்திரி போன். தனியறை தயார், இருபத்தெட்டாம் தேதி வரலாமா?

ஆய்வக முடிவு வரவில்லை. டாக்டரிடம் பேசினேன். அவர் நின்று யோசிப்பது போனிலேயே கேட்டது. கெட்ட செல்லாக இருந்தால் உடனே அறைக்குப் போக வேண்டும், தாமதிக்கக் கூடாது. நல்ல செல்லாக இருந்தால், போய் மருந்து கொடுத்து அவளையும் சேர்த்து அழித்துவிடுவோம். இதுவரை பார்த்த பரிசோதனைகளில் கெட்ட அடையாளம் எதுவும் இல்லை, அதனால் காத்திருக்கலாம் என்பது தன் எண்ணம், முடிவு உங்களுடையது என்றார்.

முகிலாவின் அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். காலண்டர் பக்கம் அவர் கண் போகவேயில்லை. "நீ சொல்றதுதான் கனி. நான் வாயத் தெறக்க மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கே வலித்தது என்று தெரியவில்லை. அறை வேண்டாம், காத்திருக்கிறோம் என்று நானே போனில் சொன்னேன். இந்த முறை அறையைக் கொடுத்தவள் நான். இந்நேரம் ஏதோ ஓர் அம்மா பால் பொங்கவிட்டிருப்பாள். அவள் பிள்ளை திரும்பி வரட்டும்.

ஆகஸ்ட் 28

காத்திருக்கிறோம். என் ராசிக்கு இன்று "சுகம்". அதை அங்கே போட்டது நான்தான்.

செப்டம்பர் 4

காத்திருக்கிறோம். புளி வாங்கினேன்.

செப்டம்பர் 12

நல்லவள்.

செப்டம்பர் 13

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

முகிலா என் வயிற்றில் இருந்த நாளிலிருந்து அவள் செல் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து தப்பு. அப்பா வழி வந்த பிரதியிலும் தப்பு, என் வழி வந்ததிலும் தப்பு. எத்தனையோ கோடி முறை பிரதி எடுத்து எடுத்து, எங்கெங்கோ புதுப்புதுப் பிழைகள் விழுந்திருக்கின்றன. அதில் ஒரே ஒரு முறை, மஜ்ஜைக்குள் ஒரே ஒரு தாய்ச்செல்லில், புதுப் பிழை பழைய பிழை இருந்த அதே இடத்தில் விழுந்தது. விழுந்ததில் சரியான எழுத்து திரும்ப வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் திருத்தவில்லை. தப்பு தப்பின் மேல் இடறி விழுந்து நேராகிவிட்டது.

இருபது வருடமாக அச்சகத்தில் இருக்கிறேன். எந்த மெஷினும் ஒரு நாளும் என் பிழையைத் தானாகச் சரிசெய்து கொடுத்ததில்லை.

அந்த ஒருத்திக்குப் பிழை திருத்தத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் ஓய்ந்துபோக, அவள் ஓயவில்லை. காலியான இடத்தையெல்லாம் அவள் பிள்ளைகள் நிரப்பினார்கள். யாரையும் அவள் விரட்டவில்லை என்று டாக்டர் சொன்னதை முகிலாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

"இப்ப அவ ரத்தம் உங்க ரெண்டு பேரு ரத்தம் மாதிரி. ஒண்ணு தப்பு, ஒண்ணு சரி. அது போதும்" என்றார் டாக்டர். மஜ்ஜை மாற்ற இப்போது அவசியமில்லை. ஜூன் மாதம் அறைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அப்போது அவள் வளரத் தொடங்கியிருப்பாள், எங்களுக்குத் தெரிந்திருக்காது, மருந்தில் அழிந்திருப்பாள் என்றார். அக்காவின் மஜ்ஜை பிடித்து எல்லாம் நன்றாகவும் முடிந்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம் என்றும் சொன்னார். மறைக்காமல் பேசுகிறவர். அன்றைக்குத் தள்ளிப்போட்ட நன்றியை இன்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

முழுக்கக் குணமில்லை. கைத்தோலில் எடுத்துப் பார்த்ததில் பழைய பிழை அப்படியே இருக்கிறது. ரத்தம் மட்டும்தான் தப்பித்திருக்கிறது. வாய், தொண்டை, தோல் எல்லாவற்றையும் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தியின் வம்சம்தான் என்பதால் மஜ்ஜையையும் வருடா வருடம் பார்க்க வேண்டும். பார்ப்போம். பார்க்கத்தானே இருக்கிறோம். ஓர் உடம்புக்குள் இத்தனை கோடிப் பேர் பிறந்து, மாறி, செத்து, ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, வெளியே நாம் பாட்டுக்குப் பல் துலக்கி வேலைக்குப் போய்வருகிறோம். அதுவே பெரிய காரியமாகத் தெரிகிறது எனக்கு.

அந்தத் தாய்ச்செல்லுக்கு நன்றி. பைகளில் எண்ணாக மட்டும் வந்த எல்லாருக்கும் நன்றி, அவள் எழுந்து நிற்கும்வரை தாங்கிப் பிடித்தது நீங்கள்தான். ஜோதியம்மாள் ரசத்துக்கு நன்றி, இலைச்சாறு மன்னிக்கவும்.

இன்னொருவர் பாக்கி இருக்கிறார்.

செப்டம்பர் 29

ஞாயிறு. மதியம் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகிலா தலை நிறையக் கனகாம்பரம். அவர் பாத்திரம் தேய்க்க எழுந்தார். இன்னும் விடவில்லை அந்த வேலையை.

இருங்கள், ஒரு விஷயம் என்றேன். பயந்துபோய் உட்கார்ந்தார். சமீப காலமாக நான் ஒரு விஷயம் என்று சொன்னால் அது ஆஸ்பத்திரி விஷயமாகத்தான் இருக்கும்.

காலண்டரில் கரிநாள் தப்பாகப் போட்டிருந்ததைச் சொன்னேன். ப்ரூப் பார்த்தது நான், விட்டது நான். ஜூன் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், மூன்று மாதமாகச் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது, அதனால்தான். எல்லாவற்றையும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"அப்ப நான் மாத்திக் கேட்ட இருவதாம் தேதிதான் நெசக் கரிநாளா?"

"ஆமா மாமா."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. உள்ளே டிவி சத்தம் நின்றது. அகிலாதான் குறைத்திருப்பாள்.

அவர் எழுந்து காலண்டர் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு இன்றைய தாளோடு நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

என் பிழை மாதிரியே காலண்டர் இப்போது ஒரு தாள் முன்னால் நிற்கிறது. காலையில் தேதி பார்க்கிற அகிலா கத்துவாள். கத்தட்டும்.